ஆறு கடக்கத் தெரிந்த ஆள்

யூலை 8, செவ்வாய்

ஓட்வார் எழுதுகிறார், அதனால் நானும் எழுதுகிறேன். மலைக்குப் போகிறவர்கள் மாலையில் நாட்குறிப்பு எழுதுவது நோர்வேக்காரரின் வழக்கமாம். மலைக்குடிலின் நீள மேசையில் எனக்கு எதிரே இருந்து, மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு எழுதுகிறார். நான் சும்மா இருந்தால் மலை அனுபவம் இல்லாதவன் என்று நினைத்துவிடுவார். நிரூபாவிடம் ஒரு கொப்பி வாங்கினேன். தமிழில் எழுதுவதால் என்ன எழுதினாலும் அவருக்கு விளங்காது.

ஓட்வார் என் வருங்காலச் சம்பந்தி. அவருடைய மகன் எய்ரிக்கும் என் மகள் நிரூபாவும் செப்டெம்பரில் கல்யாணம் செய்கிறார்கள். அதற்கு முன் இரண்டு குடும்பமும் சேர்ந்து மலைமேட்டில் சில நாள் நடக்க வேண்டும் என்பது ஓட்வாரின் ஆசை. நாங்கள் என்றால் தட்டத்தில் பழமும் பூவும் கொண்டு போயிருப்போம். இவர்கள் முதுகுப்பை கொண்டு போகிறார்கள்.

என் மனைவி சுகிர்தா வரவில்லை என்று ஓட்வாரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். என்னையும் போக வேண்டாம் என்றாள். "நீங்கள் பால் வாங்கவே காரிலை போற ஆள். மலைக்கு என்னெண்டு போவியள்?" முப்பது வருடமாகப் பேர்கனில் பஸ் ஓட்டுகிறேன். நாள் முழுக்க இருக்கையில் இருக்கிறவனுக்கு வயிறு வைக்கத்தான் செய்யும். அதற்காக நடக்க முடியாதென்று இல்லை.

உண்மையில் நான் மாட்டிக்கொண்டது ஈஸ்டர் விருந்தில். ஓட்வார் வீட்டில் முதல்முறை சாப்பிட்டபோது, "லிங்கம், நீ நடக்கிற ஆளா?" என்று கேட்டார். இவர்களுக்கு மாமா, ஐயா எதுவும் கிடையாது. சம்பந்தியும் லிங்கம் என்கிறார், மருமகனும் லிங்கம் என்கிறான். சுவர் முழுக்க அவர் மலை ஏறிய படங்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட கதையைச் சொன்னேன். கொட்டும் மழையில், முழங்காலளவு வெள்ளத்தில், காய்ச்சலில் கிடந்த அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சாவகச்சேரி வரை நடந்த கதை. மேசையில் ஒருவரும் முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை. ஓட்வார் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். அடுத்த கிழமையே மலைப்பயணத்துக்கு நாள் குறித்துவிட்டார்.

ஓட்வார், எய்ரிக், நிரூபா, நான், நாலு பேரும் இன்று ரயிலால் இறங்கி மூன்று நான்கு மணி நேரம் நடந்திருப்போம். மரமே இல்லாத மேடு. கல்லும் பாசியும் தூரத்தில் பனியும். வழி தெரிய இடைக்கிடை கற்குவியல், அதில் சிவப்பு மையால் அடையாளம். கடந்து போகிறவர்கள் ஒரு கல் எடுத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் வைத்தேன், குனிந்து நிமிர்ந்ததில் கொஞ்சம் மூச்சு வாங்க முடிந்தது.

ஒரு இடத்தில் ஓட்வார் சொக்லேட் நீட்டினார். மரியாதைக்கு வேண்டாம் என்றேன். சரி என்று பையில் போட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் என்றால் இன்னும் இரண்டு தரம் கேட்டு, கையைப் பிடித்துத் திணித்திருப்பார்கள். அவர்கள் மூவரும் தின்றார்கள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலுக்கு ஒன்றும் இல்லை.

யூலை 9, புதன்

குதிக்கால் இரண்டும் கொப்பளம். சப்பாத்துப் புதிது. கடையில் போட்டுப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

ஓட்வார் ஆடு மாதிரி ஏறுகிறார். அறுபத்தாறு வயது, மின்சார சபையில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், உடம்பில் ஒரு பிடி சதை இல்லை. ஏறிக்கொண்டே கதைக்கவும் செய்கிறார். எனக்கு ஏறுவதற்கே மூச்சுப் போதவில்லை. அதிலும் அவர் கேட்கிறது எல்லாம் அந்த நடையைப் பற்றித்தான்.

"அம்மாவை முதுகில் தூக்கினாயா, தோளிலா?"

"தோளில்."

"இரவு முழுவதுமா?"

"ஓம், இரவு முழுவதும்."

"இறக்கி வைக்க இடம் இருந்ததா?"

"இல்லை. சனம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. நின்றால் பின்னால் வருகிறவர்கள் தள்ளிவிடுவார்கள்."

இது சரி. நின்றால் தள்ளிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நாங்கள் கதைத்துக்கொண்டு வந்தபோது நிரூபா எங்களுக்கு முன்னால்தான் நடந்துகொண்டிருந்தாள். திடீரென்று வேகமாக நடந்து எய்ரிக்கையும் தாண்டிப் போய்விட்டாள். என்ன என்று எய்ரிக் திரும்பிப் பார்த்தான். குளிருகிறதாக்கும் என்றேன்.

மத்தியானம் ஒரு பனிச்சரிவில் வழுக்கி இருந்துவிட்டேன். ஓட்வார் ஓடி வந்து, "சுமை கொஞ்சம் தருகிறாயா, நான் கொண்டு வருகிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். சரி என்று போய்விட்டார். இந்த ஒரு விசயத்தை இவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலாவது 'வேண்டாம்' கணக்கில்லை என்று.

என் பையில் ஒரு கண்ணாடிப் போத்தில் தேசிக்காய் ஊறுகாய் இருக்கிறது. சுகிர்தா வைத்துவிட்டாள். அவரவர் பல்துலக்கியின் பிடியைக்கூட நறுக்கிப் பாரம் குறைக்கிற இடத்தில் நான் ஊறுகாய் சுமக்கிறேன்.

குடிலுக்கு வந்ததும் நிரூபா என் காலைத் தன் மடியில் வைத்து மருந்து போட்டாள். அவள் மருத்துவத் தாதி. கை வேலை செய்துகொண்டிருக்க, முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். "அப்பா, அவரிட்டை உண்மையைச் சொல்லுங்கோ."

"என்ன உண்மை? கால் நோகுதெண்டோ? இது ஒரு நோவே."

"அப்பா."

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. நாளைக்கு மாறீடும்."

அவள் கால் நோவைச் சொன்னாள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

யூலை 10, வியாழன்

மழை. ஆற்றில் பாலம் இல்லை. கடந்து வந்துவிட்டோம். விரல் விறைத்திருக்கிறது, எழுத்து வரவில்லை.

யூலை 11, வெள்ளி

ஓட்வாரின் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. நடக்க முடியாது. மழையும் விடவில்லை. இன்று குடிலிலேயே தங்கிவிட்டோம். இது ஆள் வைத்து நடத்தாத குடில். வருகிறவர்களே விறகு வெட்டி, தண்ணீர் அள்ளி, சமைத்துச் சாப்பிட்டு, துடைத்துவிட்டுப் போக வேண்டும். காலையில் நான்தான் தண்ணீர் அள்ளினேன். வாளியோடு போனபோது ஆற்றின் இரைச்சல் கேட்டது. பாதியிலேயே திரும்பி வந்து, கூரையிலிருந்து வடிந்த மழைத்தண்ணீரைப் பிடித்தேன்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். ஆற்றுக்கு வந்தபோது கோடைகாலத்துக்குப் போடுகிற பலகைப் பாலத்தை வெள்ளம் கொண்டு போயிருந்தது. எய்ரிக் மேலேயும் கீழேயும் போய்ப் பார்த்து, ஆறு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தான். முதலில் அவனும் நிரூபாவும் ஒரு நீளத் தடியைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு கடந்தார்கள். பிறகு ஓட்வாரும் நானும். தண்ணீர் வருகிற பக்கம் பலமான ஆள் நிற்க வேண்டும், மற்றவர் அவருடைய மறைவில் வருவார். நான் தண்ணீர் வருகிற பக்கம் நின்றேன். நடு ஆற்றில் ஓட்வார் விழுந்தார். அவருடைய முதுகுப்பைப் பட்டியை நான் பிடித்துக்கொண்டேன். எய்ரிக் ஓடி வந்து இழுக்கும்வரை விடவில்லை.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மத்தியானம் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் நனைந்து கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஓட்வார் காலை வாங்குப் பலகையில் நீட்டிக்கொண்டு அவர்களுக்குக் கதை சொன்னார். இந்த மனிதன் ஒரு காலத்தில் வெள்ளத்துக்குள்ளால் தாயைத் தூக்கிக்கொண்டு நடந்தவன், நேற்று என்னைப் பிடித்து வைத்திருந்தான், விட்டிருந்தால் நான் கீழே ஏரியில் போய்க் கிடந்திருப்பேன் என்றார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்தாள். புருஷன் வந்து எனக்குக் கை கொடுத்தான்.

"நீ கரையிலிருந்து பார்த்தாய்தானே, நிரூபா?" என்று ஓட்வார் கேட்டார்.

நிரூபா அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தாள். "பார்த்தேன்" என்றாள். "அப்பா உங்களை விடவேயில்லை."

எய்ரிக் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் அடுப்பு வாயை மூடினாள்.

சிறு வயதில், நான் வேலைக்குப் பிந்தினால், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொல்லித் தொலைபேசியை நீட்டினாலும் பேச மாட்டாள். பொய் சொல்ல மாட்டேன் என்று அழுவாள். அப்படி வளர்ந்த பிள்ளை.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

ஒரு சொல்லும் பொய்யில்லை என்று மேலே எழுதியதை வெட்டலாமா என்று பார்த்தேன். வெட்டவில்லை. மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

ஆற்றங்கரையில் ஓட்வார் இரண்டு வழி இருக்கிறது என்றார். அரைநாள் மேலே நடந்தால் நிரந்தரப் பாலம் ஒன்று உண்டு. இல்லையென்றால் இங்கேயே இறங்கலாம். "லிங்கம், தண்ணீரில் நடந்து பழகியவன் நீதான். நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார். அவர் பகிடி பண்ணவில்லை. நான் சொல்வதைக் கேட்கக் காத்து நின்றார்.

அந்தக் காலோடு இன்னும் அரைநாள் நடப்பதை நினைத்துப் பார்த்தேன். இங்கேயே கடக்கலாம், இது ஒரு ஆறே இல்லை என்றேன்.

"அப்படியென்றால் நீ தண்ணீர் வருகிற பக்கம் நிற்கிறாயா?"

தலையாட்டினேன்.

தண்ணீர் தொடைக்கு வந்ததும் கால் மரத்துவிட்டது. எனக்கு ஆறு தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது, எங்கள் ஊரில் கிணறுதான். நடு ஆற்றில் முதலில் வழுக்கியது நான். விழப்போன பயத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்தேன். அது அவருடைய பைப் பட்டி. என் பாரம் முழுவதும் பின்னால் இழுக்க, நேராக நின்ற மனிதன் முழங்கால் திரும்பிச் சரிந்தார். நான் இரண்டு கல்லுக்கு நடுவில் ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டு, கண்ணை மூடி, பட்டியை விடாமல் இருந்தேன். அவரைக் காப்பாற்ற அல்ல. விட்டால் நான் போய்விடுவேன் என்று.

கரையில் ஓட்வார் வலியில் முகம் சுருங்கிக் கிடந்து, "நன்றி" என்று சொன்னார். அப்போது சொல்லியிருக்கலாம். ஈர உடுப்போடு நடுங்கிக்கொண்டு நின்றேன், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். இப்போது அவர் சொல்லி முடித்துவிட்டார், என் மகளும் சாட்சி சொல்லிவிட்டாள்.

நிரூபா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் பார்த்ததற்காகக்கூட இல்லை, எனக்காகச் சொன்னதற்காக.

யூலை 12, சனி

மழை விட்டது. இறங்கத் தொடங்கினோம். ஓட்வார் இரண்டு தடி ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். அவர் அவசரத்துக்கு வைத்திருந்த கூடாரத்தையும் சமையல் சாமான்களையும் எய்ரிக்கும் நிரூபாவும் பங்கிட்டுக்கொண்டார்கள். மிச்சம் ஒரு பொட்டலம் அவரிடமே இருந்தது. மரியாதைக்கு, "நான் கொண்டு வரவா?" என்றேன். "நன்றி" என்று உடனே கழற்றி என் கையில் தந்துவிட்டார். என் கால் இருந்த நிலைக்கு அது ஒரு மலை. ஆனால் அதைச் சுமந்தபோதுதான் நாலு நாளில் முதல்முறை கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கொப்பளம் உடைந்து சப்பாத்துக்குள் ஈரமாகிக் கிடந்தது. நன்றாக நோகட்டும் என்று விட்டேன்.

இளைப்பாற இருந்த இடத்தில் ஓட்வார் பேச்சை எடுத்தார். நோர்வேக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் விருந்தில் எழுந்து உரை நிகழ்த்த வேண்டும். இவர் யூன் மாதத்திலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறாராம். இரண்டு குடும்பத்தைப் பற்றியும் சொல்லப் போகிறாராம். எங்கள் பக்கத்துக்கு அந்த மழை நடை. இப்போது இந்த ஆறும் சேர்ந்துவிட்டது.

"நிரூபா, உன் சித்தப்பா கிளிநொச்சியிலிருந்து வருகிறார்தானே? அவருக்கு நோர்வே மொழி தெரியாது. நான் சொல்லச் சொல்ல நீ எனக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். தன் அண்ணனைப் பற்றி அவர் கேட்க வேண்டும்."

நிரூபா தண்ணீர்ப் போத்தில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "சரி" என்றாள்.

பிறகு நடக்கும்போது என்னோடு சேர்ந்து வந்தாள். எய்ரிக் முன்னால் தகப்பனைத் தாங்கிக்கொண்டு போனான். அவனுக்குக் கேட்டாலும் தமிழ் விளங்காது, ஆனாலும் மெதுவாகத்தான் கதைத்தாள்.

"அப்பா, ஈஸ்டருக்கு நீங்கள் சொல்லேக்கை நான் பேசாமல் இருந்தன். நீங்கள் என்னத்துக்குச் சொன்னியள் எண்டு எனக்கு விளங்கினது. நேற்றும் உங்களுக்காகச் சொன்னன். ஆனா அண்டைக்கு, கல்யாண உடுப்போடை நிண்டு, நவம் சித்தப்பாவின்ர முகத்தைப் பாத்து, அப்பம்மாவைத் தூக்கினது நீங்கள் எண்டு என்ர வாயாலை சொல்ல ஏலாது."

"பிள்ளை..."

"அவர் கேட்டுக்கொண்டு இருப்பார், அப்பா. ஒண்டும் சொல்ல மாட்டார். அதுதான் எனக்கு ஏலாது."

பையின் பட்டியை இறுக்கிக்கொண்டு நடந்தேன்.

எழுதாமல் வைத்திருந்ததையும் எழுதிவிடுகிறேன். நான் எண்பத்தெட்டில் நோர்வேக்கு வந்துவிட்டேன். தொண்ணூற்றைந்தில் சனம் ஊரைவிட்டு நடந்தபோது, பேர்கனில் பஸ் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனது என் தம்பி நவம். எனக்கு அந்தக் கதை தெரிந்ததே, இரண்டு வருடம் கழித்து அம்மா கிளிநொச்சியில் செத்த செய்தி வந்தபோது தொலைபேசியில் அவன் சொல்லித்தான். அப்போதும் நான் போகவில்லை. காசு அனுப்பினேன்.

யூலை 13, ஞாயிறு

பேர்கன். சுகிர்தா காலைப் பார்த்துவிட்டுச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். திட்டியிருக்கலாம். ஊறுகாய்ப் போத்தில் திறக்காமலே திரும்பி வந்திருக்கிறது.

யூலை 15, செவ்வாய்

ஓட்வார் வீட்டுக்குப் போய் வந்தேன். தனியாகத்தான் போனேன். சொல்ல வேண்டியதை நோர்வே மொழியில் காரில் இருந்து இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரை அறிவிக்கிற அளவுக்கு என் மொழி நல்லதுதான். இந்த மாதிரி விசயம் அதில் சொல்லிப் பழக்கமில்லை.

அவர் முழங்காலில் கட்டுப் போட்டு, முக்காலியில் நீட்டிக்கொண்டு இருந்தார். மேசையில் உரை எழுதிய தாள்கள். என்னைக் கண்டதும் சந்தோஷமாகி, எழும்பப் பார்த்தார். எழும்ப வேண்டாம் என்றேன். இருக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். இருந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று தெரியும்.

முதலில் ஆற்றைச் சொன்னேன். வழுக்கியது நான், இழுத்தது நான், உங்கள் முழங்கால் என்னால்தான் என்றேன். பிறகு நடையைச் சொன்னேன். நான் நடக்கவில்லை, நடந்தது என் தம்பி என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் எதிர்பார்த்தது அவர் கோபப்படுவார் அல்லது பரவாயில்லை என்று தோளில் தட்டுவார் என்று. இரண்டும் நடக்கவில்லை.

"முழங்கால் மாறிவிடும்" என்றார் கடைசியில். "ஆற்றில் யாரும் வழுக்கலாம். ஆனால் உனக்கு ஆறு கடக்கத் தெரியும் என்று நான் நம்பினேன். தெரியாது என்று நீ சொல்லியிருந்தால் நாங்கள் பாலத்துக்குப் போயிருப்போம். அவ்வளவுதான். நான் உன்னைக் குறைவாக நினைத்திருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றேன். அப்போது தெரியவில்லை, இப்போது தெரியும் என்று சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை.

"அந்தக் கதையை என் அக்காவுக்குச் சொன்னேன். என் பழைய வேலைத்தள நண்பர்களுக்குச் சொன்னேன். இனி ஒவ்வொருவருக்கும் போய் மாற்றிச் சொல்ல வேண்டும்." அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. செய்ய வேண்டிய ஒரு வேலையைப் போல அதைச் சொன்னார். எனக்கு அது அடித்த மாதிரி இருந்தது.

"எய்ரிக்குக்குத் தெரியுமா?"

"நேற்று நிரூபா சொல்லிவிட்டாள். தான் குடிலில் பொய் சொன்னதையும் சொன்னாளாம்."

"நல்லது" என்றார். தாள்களைச் சேர்த்து அடுக்கினார். "உன் தம்பிக்குத் தெரியுமா, நீ இப்படிச் சொன்னது?"

"இல்லை."

"அப்படியென்றால் அவரிடம் சொல். அவருடைய கதை அது. அவர் சம்மதித்தால் அவர் பெயரில் சொல்கிறேன். இல்லையென்றால் வேறு ஏதாவது எழுதுவேன்."

வாசலில் சப்பாத்துப் போடும்போது அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டு, என் கால் எப்படி என்று கேட்டார். நோகிறது என்றேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன் என்று எழுதப் போனேன், அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது.

யூலை 16, புதன்

நவம் கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். தொலைபேசியை எடுத்ததும் விசா வந்த சந்தோஷத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டான்.

"அண்ணை, செப்டெம்பரிலை அங்கை குளிரோ? கோட்டு ஒண்டு தைக்கக் குடுக்கட்டோ?"

"தம்பி, கொஞ்சம் பொறு. ஒரு விசயம் சொல்ல வேணும்."

சொன்னேன். தமிழில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஓட்வாருக்குச் சொன்னபோது கடன் வாங்கிய மொழிக்குப் பின்னால் கொஞ்சம் ஒளிந்துகொள்ள முடிந்தது. இவனுக்கு அப்படி இல்லை. அம்மாவை நீ தூக்கின கதையை நான் தூக்கினதாகச் சொல்லிப்போட்டன் என்று, அப்படியே சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கேல்லை, அதாலை உன்னுடையதை எடுத்திட்டன் என்றேன்.

கடையில் யாரோ எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். நவம் அவனை நிற்பாட்டச் சொன்னான். சத்தம் நின்றது.

"நவம்."

"நிக்கிறன், அண்ணை."

"எனக்கு ஏசு. ஏசினாலும் பரவாயில்லை."

"ஏச ஒண்டும் இல்லை." கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. அம்மா செத்த நேரம் உங்களுக்கு எல்லாத்தையும் சொன்னன், அதை மட்டும் சொல்லேல்லை."

"என்னது?"

"அண்டைக்கு அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல். ஆர் தூக்கிக்கொண்டு போறதெண்டு அவவுக்குத் தெரியேல்லை. வழி முழுக்க லிங்கம், லிங்கம் எண்டுதான் என்னைக் கூப்பிட்டவ. லிங்கம், நனையிறாய் ராசா. லிங்கம், கை நோகுதே, என்னை இறக்கி விட்டிட்டு நீ போ எண்டு. முதல் ரெண்டு மூண்டு தரம், இல்லையம்மா, நான் நவம் எண்டு சொன்னன். லிங்கம் எங்கை, அவனை எங்கை விட்டிட்டாய் எண்டு கத்தி அழத் தொடங்கீட்டா. சனம் எல்லாம் திரும்பிப் பாக்குது. பிறகு நான், ஓமம்மா, லிங்கம்தான் எண்டன். பேசாமல் என்ர தோளிலை தலையை வைச்சிட்டா. சாவகச்சேரி மட்டும் உங்கட பேரிலைதான் நடந்தன், அண்ணை."

தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பியள். எனக்குக் கோவம். தூக்கினது நான், கூப்பிட்டது உங்களை. கன வருசம் அந்தக் கோவம் கிடந்தது. அது போனாப் பிறகு, செத்துப்போன மனிசியோடை கோவிச்சனே எண்டு வெக்கமாப் போச்சு. அதாலை சொல்லேல்லை."

சொந்தத் தம்பி இத்தனை வருடமாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான், ஒரு குற்றமும் செய்யாமல். நான் அவனுடைய நடையை ஒரு விருந்து மேசையில் எடுத்து விளையாடியிருக்கிறேன். அவனோ முப்பது வருடத்துக்கு முன்பே அதை என் பேரில் நடந்து கொடுத்துவிட்டு, ஒரு சொல் சொல்லவில்லை. அம்மா என்னிடம் கேட்டதற்கெல்லாம் அவன் எனக்காகப் பதில் சொல்லியிருக்கிறான். அந்த நேரம் நான் சூடு போட்ட பஸ்ஸில், பக்கத்தில் ஒருவர் சொல்லித்தர, வளைவில் திருப்பப் பழகிக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி வெட்கத்தை நான் மலையில்கூடப் படவில்லை.

"அந்தாளைச் சொல்லச் சொல்லுங்கோ, அண்ணை" என்றான் நவம். "பேரை மட்டும் சரியாச் சொன்னால் போதும். அம்மா கூப்பிட்டதையும் சேத்துச் சொல்லட்டும். நிரூபா தமிழிலை சொல்லேக்கை நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருங்கோ."

சுகிர்தா கதவடியில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"அண்ணை, இருக்கிறியளோ?"

"ஓம் தம்பி" என்றேன். "இருக்கிறன்."